எந்த வண்டிக்கு எந்த லைசென்ஸ்? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ராயவரம் பக்கம் வண்டி வாங்குபவர்களும் ஓட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால் ஒரே தெருவில் டிஎன்-63 வண்டியும் நிற்கும், டிஎன்-55 வண்டியும் நிற்கும். அதனால் பதில் மாறாது. வண்டிகளைப் பிரிப்பது மத்தியச் சட்டம்.

சட்டம் வண்டிகளை எதை வைத்துப் பிரிக்கிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்தான் அடிப்படை. 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது முக்கியமாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. வண்டியின் எடை என்ன? வண்டி எதற்காக ஓடுகிறது?

எடையில் 7,500 கிலோ வரை இலகு ரக வாகனம். அதற்கு மேல் 12,000 கிலோ வரை நடுத்தரம். 12,000 தாண்டினால் கனரகம். இதில் பலர் கவனிக்காத ஒன்று, எந்த எடையைப் பார்ப்பது என்பது. காருக்கும் டிராக்டருக்கும் ரோடு ரோலருக்கும் வெறும் வண்டியின் எடை. சரக்கு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் முழு லோடு ஏற்றினால் இருக்கக்கூடிய மொத்த எடை. லோடு வண்டி காலியாகப் போனாலும் கணக்கு மொத்த எடைதான். இரண்டு எடையும் ஆர்சி என்ற பதிவுப் புத்தகத்தில் இருக்கும், ஷோரூம்காரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

உபயோகத்தில் இரண்டு பக்கம். ஒன்று சொந்த உபயோகம், நம் ஊரில் ஓன் போர்டு என்போம். இன்னொன்று போக்குவரத்து வாகனம், டி போர்டு அல்லது மஞ்சள் போர்டு என்போம். வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டி, சரக்கு வண்டி, பள்ளி கல்லூரி பஸ், கம்பெனி ஆட்களை ஏற்றும் வண்டி எல்லாம் இரண்டாவது பக்கம்.

நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிப்பதைப் போலத்தான் இதுவும். சின்ன மாட்டைப் பெரிய மாட்டோடு ஓட விடமாட்டார்கள் அல்லவா? ஒரே ஒரு வித்தியாசம், இங்கே மாடு யாருக்காக ஓடுகிறது என்றும் கேட்பார்கள்.

லைசென்ஸ் அட்டையில் இருக்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

எம்சிடபிள்யூஓஜி என்றால் கியர் இல்லாத இருசக்கர வண்டி. எம்சிடபிள்யூஜி என்றால் கியர் உள்ளது. எல்எம்வி இலகு ரகம். டிரான்ஸ் என்று இருந்தால் போக்குவரத்து வாகனம். முன்பு நடுத்தரச் சரக்கு, நடுத்தரப் பயணிகள், கனரகச் சரக்கு, கனரகப் பயணிகள் என்று நான்கு தனி வகைகள் லைசென்ஸில் இருந்தன. 1994 திருத்தத்தில் நான்கையும் சேர்த்து 'போக்குவரத்து வாகனம்' என்று ஒன்றாக்கிவிட்டார்கள். இவை தவிர ரோடு ரோலருக்கும், மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டிக்கும் தனி வகை உண்டு.

கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. குட்டி யானை ஓட்டலாமா?

ஓட்டலாம். இந்தப் பதில் இவ்வளவு தெளிவாக வருவதற்கு முப்பது வருஷம் ஆனது.

1994 திருத்தம் போக்குவரத்து வாகனத்தைத் தனி வகையாக்கியதும் குழப்பம் ஆரம்பித்தது. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி எடையில் இலகு ரகம், உபயோகத்தில் போக்குவரத்து வாகனம். அப்படியானால் எந்த லைசென்ஸ்? விபத்து நடந்து இழப்பீடு கேட்டால், "ஓட்டியவரிடம் போக்குவரத்து லைசென்ஸ் இல்லை, நாங்கள் தரமாட்டோம்" என்று காப்பீட்டு நிறுவனங்கள் நீதிமன்றத்தில் நிற்கும். வெவ்வேறு தீர்ப்புகள் வெவ்வேறு மாதிரி வந்தன. 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில், 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வண்டிக்கு எல்எம்வி லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. அது சரிதானா என்ற கேள்வி மறுபடி எழுந்து, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. 2024 நவம்பர் 6 அன்று அந்த அமர்வும் அதையே உறுதி செய்தது. போக்குவரத்து வாகனம் ஓட்ட சட்டம் கேட்கும் கூடுதல் தகுதிகள் 7,500 கிலோவைத் தாண்டிய வண்டி ஓட்டுபவருக்கே என்றும் விளக்கியது.

விதிவிலக்கு உண்டு. இ-ரிக்‌ஷா, இ-கார்ட், ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு உள்ள தனித் தகுதிகள் அப்படியே தொடரும். கேஸ் சிலிண்டர் லோடு ஓட்டுபவர் இந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்ப முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தீர்ப்பு லைசென்ஸைப் பற்றியது மட்டும். வண்டிக்கு எஃப்சி என்ற தகுதிச் சான்று, காப்பீடு, தேவையான இடத்தில் பர்மிட் எல்லாம் முன்பு போலவே வேண்டும். "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று எஃப்சி இல்லாத வண்டியை எடுப்பவர்களைப் பார்த்தால் என்ன சொல்வது!

அப்படியானால் லாரிக்கு?

7,500 கிலோவுக்கு மேல் போனால் போக்குவரத்து வாகன லைசென்ஸ் கட்டாயம். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் கொண்டு வரும் பெரிய லாரிகள் எல்லாம் இந்தக் கணக்கு. இதற்கு எல்எல்ஆர் என்ற பழகுநர் லைசென்ஸ் போடவே குறைந்தது ஒரு வருஷம் எல்எம்வி லைசென்ஸ் கையில் இருந்திருக்க வேண்டும். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். முன்பு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது, 2019இல் எடுத்துவிட்டார்கள். என் கணக்கில் அது நல்ல முடிவு. கிளீனராகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள் பலர் அந்த ஒரு விதியால் லைசென்ஸ் எடுக்க முடியாமல் நின்றார்கள்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறோம். எங்கள் கல்லை எங்கள் வண்டியில்தான் ஏற்றுகிறோம், வாடகைக்கு விடுவதில்லை. எதற்கு மஞ்சள் போர்டு?

நியாயமான கேள்விதான். ஆனால் சரக்கு வண்டி விஷயத்தில் சட்டம் வாடகையைப் பார்ப்பதில்லை. சரக்கு ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி என்றால் அது சரக்கு வாகனம், சரக்கு வாகனம் என்றால் போக்குவரத்து வாகனம். ஏற்றுவது உங்கள் டைல்ஸா, அடுத்தவர் டைல்ஸா என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

கொஞ்சம் ஆறுதல் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. குட்டி யானை இதற்குள் வந்துவிடும். எஃப்சிக்கு விலக்கு இல்லை. புது வண்டிக்கு முதலில் இரண்டு வருஷம், அப்புறம் எட்டு வருஷம் ஆகும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருஷா வருஷம்.

ஆனால் கல் கனம். எடை வகை வேறு, ஏற்றும் எடை வேறு. 7,500 கிலோ வரை எல்எம்வி என்பதால் ஒரு சின்ன வண்டியில் 7,500 கிலோ ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. அந்தந்த வண்டிக்கு ஆர்சியில் போட்டிருக்கும் மொத்த எடைதான் வரம்பு.

எங்கள் இன்னோவாவை முகூர்த்த நாளில் தெரிந்தவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம். தப்பா?

வெள்ளைப் பலகை வண்டி என்றால் தப்புதான். பலகை நிறமே வண்டி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். வெள்ளையில் கறுப்பு எழுத்து சொந்த உபயோகம். மஞ்சளில் கறுப்பு போக்குவரத்து வாகனம். கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்களே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். மின்சார வண்டிக்குப் பச்சைப் பலகை: வெள்ளை எழுத்து என்றால் சொந்தம், மஞ்சள் எழுத்து என்றால் போக்குவரத்து வாகனம். மஞ்சளில் சிவப்பு எழுத்து தற்காலிகப் பதிவு.

கையும் களவுமாக அகப்பட்டால் அபராதம் என்பது சின்ன விஷயம். வழியில் விபத்து என்றால் சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீடு வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது என்று நிறுவனம் கைவிரிக்கும். கல்யாண சீசனில் கிடைக்கும் சில ஆயிரத்துக்காக வீட்டையே அடமானம் வைப்பதற்குச் சமம். உறவுக்காரருக்குக் காசு வாங்காமல் கொடுப்பது வேறு. டீசலுக்கு மட்டும் வாங்கினேன் என்பவர்கள் அதைத் தங்கள் காப்பீட்டு ஏஜென்டிடம் ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும்.

மஞ்சுவிரட்டுக்குக் காளையை ஏற்றிப் போகும் வண்டியில் கூட ஆட்கள் போகலாமா?

இது சிராவயல் சீசன் வந்தால் தவறாமல் வரும் கேள்வி. சட்டத்தில் 'சரக்கு' என்பதில் கால்நடையும் அடக்கம், உயிரோடு இருக்கும் மனிதர் மட்டும் அடக்கம் இல்லை. அதனால் லோடு வண்டியில் காளை போகலாம், பின்னால் பதினைந்து பேர் தொற்றிக்கொண்டு போகக் கூடாது.

காளைக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பும் ஆளோ கேபினில் இருக்கை இருக்கும் அளவுக்கு உட்காரலாம். சரக்கின் உரிமையாளருக்கும் அவர் பிரதிநிதிக்கும் கட்டாயக் காப்பீட்டில் பாதுகாப்பு உண்டு, 1994 திருத்தம் அதைச் சேர்த்தது. பின்னால் சும்மா ஏறியவர்களுக்கு அது கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஆஷா ராணி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் அந்தப் பதினைந்து குடும்பத்துக்கும் வண்டிக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். காது குத்துக்கும் குலதெய்வம் கும்பிடவும் லோடு வேனில் சொந்தபந்தத்தை ஏற்றிப் போகிறவர்களுக்கும் இதே பதில். பிள்ளைகளைத் தார்ப்பாய் விரித்து உட்கார வைத்தால் அது வேனாகிவிடாது.

டிராக்டருக்குத் தனி லைசென்ஸ் உண்டா? செங்கல் அடித்தால்?

வெறும் எடை 7,500 கிலோவுக்குள் இருப்பதால் டிராக்டர் இலகு ரகம், எல்எம்வி போதும். விவசாய டிராக்டரை மத்திய விதிகள் போக்குவரத்து அல்லாத வண்டி என்றே வைத்திருக்கின்றன. பின்னால் மாட்டும் டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும், இதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

உழவு, நெல், வைக்கோல், உரம் என்று உங்கள் விவசாய வேலை இருக்கும்வரை சிக்கல் இல்லை. அதே டிரெய்லரில் வாடகைக்குச் செங்கல், கிராவல் அடிக்க ஆரம்பித்தால் விவசாயச் சலுகை போய்விடும். வண்டி அதேதான், வகை மாறிவிட்டது. விவசாயத்துக்கென்று எடுத்த காப்பீடும் அதோடு கேள்விக்குள்ளாகும்.

பையனுக்குப் பதினாறு வயது. டிவிஎஸ் எக்ஸ்எல் கொடுக்கலாமா?

கூடாது. பதினாறு வயதில் பெற்றோர் சம்மதத்தோடு லைசென்ஸ் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் 50 சிசிக்கு மிகாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். டிவிஎஸ் 50 ஓடிய காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது விற்கும் எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட 100 சிசி. கடையில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களும் அப்படித்தான். சட்டத்தில் கதவு திறந்திருக்கிறது, உள்ளே வண்டிதான் இல்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு இதை லேசாக எடுக்க முடியாது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடைக்காது. "சின்ன மார்க்கெட் வரைக்கும்தானே போனான் ஆச்சி" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

ஸ்கூட்டரில் எட்டு போட்டு லைசென்ஸ் எடுத்தேன். புல்லட் ஓட்டலாமா?

கியர் இல்லாத வகைக்குத்தான் எடுத்திருந்தால் முடியாது. கியர் உள்ள வண்டியில் எடுத்தவர் ஸ்கூட்டரும் ஓட்டலாம். அதற்கு மேல் நம் சட்டத்தில் சிசி வரம்பு எதுவும் இல்லை. 100 சிசியில் எட்டு போட்டவர் மறுநாள் 650 சிசி வாங்கலாம். எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் விதி அதுதான்.

காரில் இந்த கியர் பிரிவினையே இல்லை. ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டிக் காட்டி எல்எம்வி வாங்கினாலும் கியர் கார் ஓட்டலாம்.

பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே?

சிலவற்றுக்கு மட்டும். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, வண்டியும் பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவும் லைசென்ஸும் வேண்டாம். அதைத் தாண்டினால் பச்சைப் பலகை, பதிவு, காப்பீடு, லைசென்ஸ் எல்லாம் வேண்டும்.

வாங்கிய பிறகு மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத்தைக் கூட்டிவிட்டால்? அந்த நிமிஷமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம்.

பள்ளிக்கூட வேன், ஆலைக்கு ஆட்களை ஏற்றும் வேன்: காசு வாங்கவில்லை என்றால் ஓன் போர்டில் ஓட்டலாமா?

முடியாது. கல்வி நிறுவனத்தின் பஸ், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், போக்குவரத்து வாகனம். முதலாளி தன் தொழிலுக்காக ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டியும் 'தனியார் சேவை வாகனம்' என்ற பெயரில் அதே பக்கம்தான் வரும். வாடகைக் காரில் ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேர் வரை மோட்டார் கேப், ஏழு முதல் பன்னிரண்டு பேர் வரை மேக்ஸி கேப்.

ஆர்சியில், விளம்பரத்தில் எம்1, என்1 என்றெல்லாம் இருக்கிறதே?

அது லைசென்ஸுக்கான பிரிவு இல்லை, வண்டி தயாரிப்புத் தரத்துக்கானது. பிரேக், விளக்கு, புகை விதிகள் இதை வைத்து வரும். எல் என்று தொடங்கினால் இரண்டு, மூன்று சக்கரம். எம்1 ஓட்டுநர் தவிர எட்டு இருக்கை வரை உள்ள பயணிகள் வண்டி. எம்2 அதற்கு மேல் இருக்கை, 5 டன் வரை. எம்3 5 டன்னுக்கு மேல். என்1 சரக்கு 3.5 டன் வரை, என்2 12 டன் வரை, என்3 அதற்கு மேல். காப்பீட்டுக்காரர்களுக்கோ வேறு அளவுகோல். மூன்றாம் நபர் பிரீமியத்தை இருசக்கர வண்டிக்கு 75, 150, 350 சிசி என்று பிரிப்பார்கள்.

வீட்டு முகப்பில் அப்பச்சி காலத்துக் கார் நிற்கிறது. ஓட்ட முடியுமா?

பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த காலத்தில் வாங்கிய கார்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாமல் இருந்தால் 2021இல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்யலாம். எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் விஏ என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று விதியில் வைத்தார்கள். பதிவு பத்து வருஷம் செல்லும்.

ஆனால் அதில் தினம் கடைக்குப் போய்வர முடியாது. கண்காட்சி, வின்டேஜ் கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, எண்ணெய் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும். ஹெரிட்டேஜ் ஓட்டலாக மாற்றிய வீட்டில் விருந்தாளியைக் காசுக்கு ஏற்றிச் சுற்றிக் காட்டவும் கூடாது. ஓட்டுபவருக்குச் சாதாரண எல்எம்வி போதும். பழைய ஆர்சியும் இறக்குமதிக் காகிதமும் இருந்தால் லேமினேட் செய்து வையுங்கள். பங்காளிகள் நாலு பேர் பெயரில் வீடு இருந்தால், காருக்கு யார் உரிமையாளர் என்பதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

சிங்கப்பூர், மலேசியா போனால் நம் வகை செல்லுமா?

அங்கே பிரிவுகள் வேறு. சிங்கப்பூரில் இருசக்கர வண்டி 200 சிசி வரை 2பி, 400 வரை 2ஏ, அதற்கு மேல் 2. நம் ஊர் மாதிரி எடுத்த எடுப்பில் பெரிய பைக் கிடையாது. கார் 3, கிளட்ச் இல்லாத கார் மட்டும் என்றால் 3ஏ. மலேசியாவில் கார் டி, ஆட்டோமேட்டிக் மட்டும் என்றால் டிஏ, 250 சிசி வரை பைக் பி2. இங்கே ஆட்டோமேட்டிக்கில் கற்றவர் அங்கே டெஸ்ட் எழுதும்போது இந்தப் பிரிவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருஷம் செல்லும். நம் லைசென்ஸில் எந்த வகை இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அதில் முத்திரை விழும்.

குட்டி யானையை உணவு வண்டியாக மாற்ற ஆசை. புது ஆர்சி வேண்டுமா?

வண்டியின் அமைப்பை மாற்றினால் பதிவு அதிகாரியின் அனுமதி முன்கூட்டியே வேண்டும், மாற்றம் ஆர்சியில் ஏற வேண்டும். ஃபேப்ரிகேட்டரிடம் வண்டியைக் கொடுத்த பிறகு ஆர்டிஓவுக்குப் போகாதீர்கள். முதலில் வரைபடத்தோடு போய்க் கேளுங்கள்.

லைசென்ஸ் எத்தனை வருஷம் செல்லும்?

2019 திருத்தத்துக்குப் பிறகு, சொந்த உபயோக வகைக்கு 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை. 30 முதல் 50க்குள் எடுத்தால் பத்து வருஷம். 50 முதல் 55க்குள் என்றால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்து ஐந்து வருஷமாக. போக்குவரத்து வகைக்கு ஐந்து வருஷம், ஆபத்தான சரக்குக்கு மூன்று வருஷம். முன்பு முடிந்த தேதிக்குப் பிறகும் 30 நாள் செல்லும் என்று இருந்தது, அது இப்போது இல்லை. முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி டெஸ்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்து இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறவர்கள், டிக்கெட் போடும்போதே அட்டையில் தேதியைப் பார்த்துவிடுங்கள்.